மூடி ஒன்று, தற்காலிகம்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வலது கையை உயர்த்தி, முழு நினைவோடு செய்கிற சத்தியம் இது. எந்த இடத்திலாவது மிகைப்படுத்தியது போலத் தெரிந்தால், அங்கே நடந்ததைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முழுதாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பூட்டுக்காரரின் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை டீக்கடை நூற்றுப் பன்னிரண்டு காலடி. அளந்தவர் அவருடைய அப்பா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருடம் "லைன்ல இருங்க" என்று சொல்லியே ஓய்வு பெற்றவர். கண் இரண்டும் போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் வாங்கித் தந்த கைத்தடி கதவுக்குப் பின்னால் சாத்தியபடியே இருக்கிறது. "தடி புடிச்சா குருடன்னு சொல்லிடுவாங்கடா" என்பார். காலை ஏழு மணிக்கு ரேடியோவில் செய்தி. அது முடிந்த கையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணியபடி நடந்து போய் டீ குடிப்பார். திரும்பும்போது அதே எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு வருவார். சாயங்காலச் செய்திக்குப் பிறகு இன்னொரு நடை.

நாற்பத்தொன்றாவது காலடியில் ஒரு சாக்கடை மூடி இருந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு லாரி ஏறி அது இரண்டாக உடைந்தது. புதன்கிழமை உடைந்த துண்டுகளும் காணாமல் போயின. வியாழக்கிழமை பள்ளம் மட்டும் பாக்கி. இரண்டரை அடி அகலம், நெஞ்சளவு ஆழம்.

போன வருடம்தான் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டிருந்தார். எலும்பு டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை விழுந்தார்னா என்னால ஒட்டவைக்க முடியாது. அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அப்பா, நாப்பத்தொண்ணுல பள்ளம் இருக்கு. கொஞ்ச நாளைக்கு வெளிய போகாதீங்க."

"ரேடியோல சொல்லலையே."

"நம்ம தெருப் பள்ளத்த எல்லாம் ரேடியோல சொல்ல மாட்டாங்கப்பா."

"போன வாரம் ஒரு பூனை மரத்துல மாட்டிக்கிட்டதச் சொன்னான். பள்ளத்தச் சொல்ல மாட்டானா? நான் டீ குடிக்கறது உனக்குப் புடிக்கலைன்னா அத நேரா சொல்லு."

முப்பத்தாறு வருடம் ஊர்ப் பேச்சையெல்லாம் காதால் கேட்டவர். அதில் எவனும் உண்மை பேசியதில்லை, செய்தி வாசிப்பவரைத் தவிர என்பது அவருடைய முடிவு.

பூட்டுக்காரர் தன் பூட்டுக் கடைக்குப் போனார். பூட்டு திறக்கவில்லை என்று யாரோ கழற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டு மறந்துபோன பழைய கதவு ஒன்று மூலையில் கிடந்தது. அதைத் தோளில் சுமந்து வந்து பள்ளத்தின் மேல் படுக்கப் போட்டார். பூட்டு வானத்தைப் பார்த்தபடி இருந்தது. பெரியவர் அதன் மேல் நடந்து போய், நடந்து வந்தார். "நாப்பத்தொண்ணுல மரச்சத்தம் கேக்குதே" என்று மட்டும் சொன்னார். பூட்டுக்காரர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். இந்தக் கதையில் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டது அது ஒரு வேளைதான்.

மறுநாள் ஒரு நிருபர் வந்தார். கதவைப் பல கோணத்தில் படம் எடுத்தார்.

"எந்தப் பத்திரிகை சார்? காலையா, மாலையா?"

"ரெண்டும். ஒரே கட்டடம்தாங்க. மேல் மாடி காலைப் பத்திரிகை, கீழ் மாடி மாலைப் பத்திரிகை. மேல உக்காந்து மூடித்துறையப் பாராட்டுவேன். சாப்பிட்டுட்டுக் கீழ வந்து திட்டுவேன்."

மூடித்துறை என்பது நிலத்தடி வாய்க்கால் மற்றும் மூடிகள் துறை. முழுப் பெயரைச் சொன்னால் மூச்சு வாங்கும் என்று ஊரில் சுருக்கி வைத்திருந்தார்கள்.

"ரெண்டுல எது சார் உண்மை?"

"அது வேற சீட்டு. அந்த சீட்டுக்கு எங்க ஆபீஸ்ல இன்னும் ஆள் போடல."

"பாராட்டவும் வேணாம், திட்டவும் வேணாம். இந்த இடத்துல பள்ளம் இருக்குன்னு ஒரு வரி போட்டீங்கன்னா போதும். எங்கப்பா ரேடியோல வந்தாத்தான் நம்புவாரு. பத்திரிகைல வந்தா ரேடியோல வரும்ல?"

நிருபர் பரிதாபமாகப் பார்த்தார். "பள்ளம் செய்தி இல்லண்ணே. ஊர் பூரா இருக்கறது எப்படிச் செய்தியாகும்? அதுல யாராவது விழுந்தாத்தான் செய்தி." பிறகு குறிப்பேட்டைத் திறந்தார். "அப்பாவுக்கு என்ன வயசு?"

"எழுபத்தெட்டு."

"கண்ணு?"

"தெரியாது."

"ரெண்டுமேவா?" நிருபர் அடிக்கோடு போட்டுக்கொண்டார். "தயாரா எழுதி வச்சுக்கறேன். அப்படி எதுவும் நடக்க வேணாம், நல்லா இருக்கட்டும். நடந்தா எனக்கு மொதல்ல ஒரு போன் போடுங்க."

சனிக்கிழமை ஒரே படம் இரண்டு பத்திரிகையிலும் வந்தது. காலையில், "நடுத்தெருவிலும் கதவு வசதி: மூடித்துறையின் அடுத்த பாய்ச்சல்!" மாலையில், "பாதாளத்துக்குக் கதவு: மூடித்துறையின் தூக்கம் கலையுமா?" காலைப் பத்திரிகை வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டு முன்னாலும் ஒரு கதவு வேண்டும் என்று மனு எழுதினார்கள். மாலைப் பத்திரிகை வாங்குகிறவர்கள் ஊரில் நாற்பதாயிரம் பள்ளம் இருப்பதாகப் படித்துவிட்டு வீட்டைவிட்டு இறங்குவதை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுத் தையல் அக்கா மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கித்தான் துணி வாங்கினார், கொடுத்தார். "அக்கா, ஒரே ஒரு பள்ளம்தான் இருக்கு, அதையும் மூடியிருக்கேன்" என்று பூட்டுக்காரர் கீழிருந்து கத்தினார். "நீ துறை ஆளு. உன் கதவு காலப் பேப்பர்ல வந்துச்சே, பாத்தேன்" என்று அக்கா கூடையை மேலே இழுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை துறையின் வேன் வந்தது. நான்கு பேர் இறங்கிக் கதவைத் தூக்கினார்கள்.

"சார், சார், அது என் கதவு!"

மேற்பார்வையாளர் பொறுமையானவர். "இங்க பாருங்க. கதவு கெடந்தா பாக்கறவன் என்ன நினைப்பான்? கீழ பள்ளம் இருக்குன்னு நினைப்பான்."

"பள்ளம் இருக்கே சார்."

"இருக்கறது வேற, நினைக்கறது வேற. இருக்கறதத் துறை தாங்கிக்கும். நினைக்கறதத்தான் தாங்காது."

அன்று சாயங்காலம் பூட்டுக்காரர் ஒரு தகரத்தைப் போட்டார். வேன் வந்து தகரத்தை எடுத்துப் போனது. பலகை போட்டார். பலகை போனது. மனைவிக்குச் சீதனமாக வந்த மேஜையைக் கவிழ்த்துப் போட்டார். மேஜையும் போனது. மனைவி மிச்சமிருந்த நாற்காலிகளை உள்ளறையில் வைத்துப் பூட்டினார். ஒரு மூடி கேட்டால் வராத துறை, மூடியதை எடுக்க இருபது நிமிடத்தில் வந்து நிற்பதை அவர் ஆச்சரியத்தோடு கவனித்தார்.

புதன்கிழமை எதிர்வீட்டுச் சித்தப்பா பள்ளத்தில் விழுந்தார். தெருவுக்கே அவர் சித்தப்பா. காலைப் பத்திரிகையை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் விலாசம் வரை படிக்கிறவர். அன்றைக்கு ஊரில் நூறு சதவீத மூடிகளும் இருப்பதாக அதில் வந்திருந்தது. பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டே நடந்து வந்தவர் காணாமல் போனார். பூட்டுக்காரர் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். வழுக்கைத் தலையும் பேப்பரும் தெரிந்தன.

"ஐயோ சித்தப்பா! அடி பட்டுச்சா? கையக் குடுங்க!"

"எதுக்கு?"

"பள்ளத்துல விழுந்துட்டீங்களே!"

"பள்ளமா? எங்க இருக்கு பள்ளம்? சும்மா கொஞ்சம் நிழலா இருக்கேன்னு உக்காந்திருக்கேன்."

"முழங்கால்ல ரத்தம் வருது சித்தப்பா."

"வரும், வயசானா வரும். உன்ன மாதிரி ஆளுங்கதான்டா நாட்டக் கெடுக்கறது. நல்லது நடந்தா கண்ணு தெரியாது உங்களுக்கு." உள்ளேயிருந்து பேப்பரின் அடுத்த பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்து நான்கு பேர் சேர்ந்து அவரை மேலே இழுத்தபோது, "உக்காந்தவன நிம்மதியா உக்கார விட மாட்டானுங்க" என்று திட்டிக்கொண்டே நொண்டிப் போனார். அந்த வாரத்தில் இன்னும் மூன்று தடவை விழுந்தார். ஒவ்வொரு தடவையும் அவராக உட்கார்ந்ததுதான்.

அதே புதன்கிழமை சாயங்காலச் செய்தி முடியும் முன்பே பூட்டுக்காரர் அப்பாவின் செருப்பை ஒளித்து வைத்திருந்தார். பெரியவர் வெறுங்காலோடு கிளம்பினார். நாற்பதாவது காலடியில் மகன் குறுக்கே பாய்ந்து தோளைப் பிடித்துத் திருப்பினார்.  இனி துறைக்கே போய்விடுவது என்று பூட்டுக்காரர் முடிவு செய்தார்.

துறை ஐந்து மாடி. முதல் மாடியில் ஒரு நீண்ட மேஜையைச் சுற்றிப் பதினாறு பேர் உட்கார்ந்து கத்தரிக்கோலால் பத்திரிகை வெட்டிக்கொண்டிருந்தார்கள். துறையில் அதிகம் பேர் வேலை செய்கிற பிரிவு அதுதான். மூடி செய்கிற பிரிவு எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "அப்படின்னா?" என்றார். இரண்டாவது மாடியில் ஊர் என்ன நினைக்கிறது என்று பார்க்கிற மக்கள் எண்ண அலுவலர் இருந்தார். அவர் மேஜை மேல் பித்தளைத் தராசு ஒன்று இருந்தது.

பூட்டுக்காரர் மனுவை நீட்டினார். அலுவலர் அதைத் தொடவில்லை.

"மனு எதுக்குங்க? பத்திரிகைல வந்ததா உங்க பள்ளம்?"

"வந்துது சார். ரெண்டுலயும்."

அலுவலர் முகம் மலர்ந்தார். மணி அடித்தார். கத்தரித்த துண்டுகள் வந்தன. காலைப் பத்திரிகைத் துண்டை வலது தட்டிலும் மாலைப் பத்திரிகைத் துண்டை இடது தட்டிலும் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முள் ஆடி ஆடி நடுவில் நின்றது.

"பாருங்க. பாராட்டும் திட்டும் சரிக்குச் சரி. கழிச்சா பூஜ்யம். உங்க பள்ளம் பூஜ்யம்."

"சார், அது நெஞ்சளவு ஆழம் சார்!"

"ஆழத்த யாருங்க கேட்டா? உங்களுக்கு விவரம் புரியல, சொல்றேன். பள்ளம் ஒரு இடத்துல இருக்கு. பள்ளத்தப் பத்தின எண்ணம் ஊர் பூரா இருக்கு. எது பெரிசு? எண்ணம். பெரிசத்தானே மொதல்ல கவனிக்கணும்? போன வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டோம். மாலைப் பத்திரிகைக்காரன் தடிமனான பேப்பருக்கு மாறிட்டான். தராசு திட்டுப் பக்கமே சாய்ஞ்சுது. ராத்திரி பகலா பேசி, காலைப் பத்திரிகையில எழுத்தப் பெரிசாக்க வச்சோம். மை எடை கூடிச்சு. அப்பறம்தான் இந்த ஊர்ல சாக்கடைப் பிரச்சினையே தீர்ந்துது."

பூட்டுக்காரர் மனுவை மறுபடி நீட்டினார். "எங்கப்பா விழுந்துட்டா என்ன சார் பண்றது?"

அலுவலர் தராசையே பார்த்துக்கொண்டு யோசித்தார். "விழுந்தா ரெண்டு பத்திரிகையும் திட்டும். அது எங்களுக்கு ஆபத்து." உடனே எழுந்து நின்றார். "நல்ல வேளை சொன்னீங்க. நாளைக்கே மூடி போட்டுடறோம்."

பூட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படியில் இறங்கும்போது எதிரே வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தார்.

மறுநாள் மூடி வந்தது. வெல்வெட் துணி போர்த்தி, இரண்டு காவலர்கள் இரு பக்கமும் உட்கார்ந்து கொண்டுவந்தார்கள். துணியை நீக்கியதும் தெருவே பளிச்சென்றது. முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். பள்ளத்தின் மேல் வைத்தார்கள். தையல் அக்கா மாடி ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தார். ரேடியோவிலிருந்தும் ஆள் வந்திருந்தார். துறைத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"போன வருடம் எத்தனை மூடி செய்தீர்கள் என்று விஷமிகள் கேட்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஒன்றுதான் செய்தோம்! ஆனால் அந்த ஒன்றை எத்தனை இடத்தில் போட்டோம்? நானூற்றுப் பதினேழு இடத்தில்! ஒரு மூடியை இத்தனை பள்ளத்துக்குப் பயன்படுத்திய துறை வேறு எந்த நாட்டில் இருக்கிறது? சிக்கனம் என்பது இதுதான்!"

சித்தப்பா கைதட்டினார். படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் காவலர்கள் மூடியைத் தூக்கி, துடைத்து, துணி போர்த்தி, வேனில் ஏற்றினார்கள். அடுத்த பள்ளம், நானூற்றுப் பத்தொன்பதாவது, மதியத்துக்குக் காத்திருந்தது.

"சார், மூடி போகுதே!" என்று பூட்டுக்காரர் வேனைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"இது காட்சி மூடிங்க. இதுல யாராவது மிதிச்சா கீறல் விழும்" என்று காவலர் உள்ளேயிருந்து சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரேடியோ சொன்னது: இன்ன தெருவில், இன்ன இடத்தில் இருந்த பள்ளம் நிரந்தரமாக மூடப்பட்டது, மக்கள் மகிழ்ச்சி.

"கேட்டியாடா?" என்றார் பெரியவர். அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "இல்லாத பள்ளத்துக்கு என் செருப்ப ஒளிச்சு வச்சே. இருந்த பள்ளத்தையும் இப்ப மூடியாச்சு. வழிய விடு."

பூட்டுக்காரர், குழந்தை அம்மாவைக் கூப்பிடுவது போல், மனைவியைக் கூப்பிட்டார். மனைவி, "மாமா, அவர் சொல்றது நிஜம் மாமா, மூடி போட்டதும் எடுத்துட்டாங்க" என்றார்.

"நீயுமாம்மா? ரேடியோக்காரனுக்கு நம்ம குடும்பத்து மேல என்ன பகை? பொய் சொல்ல அவனுக்கு என்ன அவசியம்?"

பூட்டுக்காரர் வாதாடுவதை விட்டார். பின்வாசல் வழியாக ஓடி, அப்பா முப்பதை எண்ணுவதற்குள் பள்ளத்துக்குப் போய், அதன் இரண்டு பக்கமும் கால் ஊன்றி, குறுக்கே நின்றார். பொருளாக இருந்தால்தானே வேன் எடுத்துப் போகும். பெரியவர் வந்து நெஞ்சில் மோதினார்.

"யாருங்க அது?"

மகன் என்று தெரிந்தால் அவமானப்படுவார். பூட்டுக்காரர் தொண்டையைக் கரகரப்பாக்கினார். "மன்னிக்கணும் பெரியவரே. அப்படி இடது பக்கமா ஒதுங்கிப் போங்க."

மறுநாள் மூக்கால் பேசினார். அதற்கு மறுநாள் இருமினார். காலையில் போக ஒரு மோதல், வர ஒரு மோதல், சாயங்காலமும் அப்படியே. நடுவில் அப்பா எப்போது கிளம்புவார் என்று சொல்ல முடியாததால் நடுவிலும் நின்றார். கடை மூடியே கிடந்தது. சாவி தொலைத்தவர்கள் பூட்டைப் பள்ளத்துக்கே கொண்டுவந்து நீட்டினார்கள். புதுச் சாவியைப் பிடித்து அராவ இடுக்கி இல்லாமல் அவர் என்ன செய்வார்? வீட்டில் பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார்: "தெருவுல சோம்பேறிங்க ஜாஸ்தியாயிட்டாங்கம்மா. தினம் ஒருத்தன் நாப்பத்தொண்ணுல நிக்கறான்." மருமகள், "ஆமாம் மாமா, வேலவெட்டி இல்லாதவங்க" என்று சொல்லிவிட்டு, கணவரின் கால் வீக்கத்துக்கு வெந்நீர் வைக்கப் போனார்.

நிருபர் மறுபடி வந்து படம் எடுத்தார். காலையில், "துறைக்கு நன்றி சொல்லித் தெருவில் நிற்கும் பொதுமகன்." மாலையில், "துறையை எதிர்த்து நூதன நிற்கும் போராட்டம்." ஒரு கோஷ்டி வந்து அவருக்கு மாலை போட்டது. இன்னொரு கோஷ்டி வந்து அந்த மாலையைக் கழற்றி, தாங்கள் கொண்டுவந்ததைப் போட்டது. இரண்டு பேரிடமும் அவர், "ஒரு பலகை கெடைக்குமா?" என்றுதான் கேட்டார். இரண்டு கூட்டமும் கைதட்டியது.

நாற்பதாவது நாள் துறையிலிருந்து இருப்புச் சரிபார்ப்பவர் வந்தார். குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். நிமிர்ந்து பூட்டுக்காரரைப் பார்த்தார். பதிவேட்டைப் பிரித்து எழுதினார்: மூடி ஒன்று, தற்காலிகம், இரும்பு அல்ல.

"சார், மனுஷனப் போய் எப்படி மூடின்னு எழுதறீங்க?"

"பள்ளத்து மேல இருக்கீங்க. யாரும் உள்ள விழல. மூடின்னா வேற என்னங்க?" பையிலிருந்து பெயிண்ட்டை எடுத்து, சட்டை முதுகில் பள்ளத்தின் எண்ணை 418 என்று எழுதினார். "இனிமே இங்கிருந்து நகரக்கூடாது. நகர்ந்தா அரசாங்கச் சொத்த அப்புறப்படுத்தினதா ஆயிடும்."

"அந்தச் சொத்தே நான்தானே சார்?"

"அதனாலதான் சொல்றேன், ஜாக்கிரதையா இருங்க. திருடினதும் நீங்க, திருட்டுப் போனதும் நீங்க. ரெண்டு கேஸ்." ஊதிப் பெயிண்ட்டைக் காயவைத்துவிட்டுப் போனார். மனிதர் நல்லவர், காலரில் படாமல்தான் எழுதியிருந்தார்.

அடுத்த நாள் காலை. ஏழு மணிச் செய்தி முடிந்தது. பெரியவர் எண்ணிக்கொண்டே வந்து, வழக்கமான இடத்தில், வழக்கமான நெஞ்சில் மோதினார். அன்று கோபப்படவில்லை. உற்சாகமாக இருந்தார்.

"கேட்டீங்களா? இப்பத்தான் நியூஸ்ல சொன்னான். நம்ம தெரு மூடிதான் ஊர்லயே உறுதியான மூடியாம். ஒரு நாள்கூட நகரலையாம்."

பூட்டுக்காரர் மூக்கால் சொன்னார்: "அப்படியா பெரியவரே. நல்ல சேதி."

"எனக்கு ஒரு பையன் இருக்கான். பூட்டு வேலை. பள்ளம் பள்ளம்னு உசிர வாங்கினான். இப்ப வீட்லயும் கண்ணுல படறதில்ல. எங்கயாவது பாத்தீங்கன்னா சொல்லுங்க, ரேடியோல தீர்மானமா சொல்லியாச்சு, இனிமே பயமில்ல, போய்க் கடையத் திறக்கச் சொல்லுங்க."

"சொல்றேன் பெரியவரே."

பெரியவர் அவர் தோளில் தட்டிவிட்டு இடது பக்கமாக ஒதுங்கினார். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று எண்ணிக்கொண்டு போவது கொஞ்ச தூரம் வரை கேட்டது.

நிலத்தடி வாய்க்கால் மற்றும் மூடிகள் துறை ஒன்பது வருடங்களுக்கு முன்பே முறைப்படி கலைக்கப்பட்டுவிட்டது; அது எந்தச் செய்தியிலும் வராததால், அங்கே வேலை பார்க்கிறவர்கள் உட்பட யாருக்கும் தெரியாது.